மஞ்சள் நாடா ஒட்டிய மைக்

ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசவைப்பது எங்கள் கம்பனியின் புதிய பழக்கம். ஒலிக்கருவிகளை வாடகைக்கு விட்டு, அவற்றை இயக்க ஆட்களையும் அனுப்பும் கம்பனி அது. புதிதாகச் சேர்ந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பிஸ்கட் தட்டும் நானும். போன மாதம் போனேன். மேடையின் ஓரத்தில் நின்று, பாடகர்களின் காதுக்குள் போகும் ஒலியைக் கவனிப்பதே என் வேலையாக இருந்தது என்று சொன்னேன். ஒரு பெண் மரியாதையாகக் கையை உயர்த்தி, அதற்கென்று தனியாக ஒரு ஆள் எதற்கு என்று கேட்டாள். இப்போது பாடகர்களே ஃபோனைத் தடவித் தங்களுக்கு வேண்டிய அளவில் வைத்துக்கொள்கிறார்களாம். நல்லது. தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வசதி மந்திரிகளுக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

பிறகு அவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு அந்த வீடியோவுக்கு வந்தார்கள். மேடையில் மூன்று பெண்கள். பெரிய திரையில் ஒருத்தியின் முகம். வாய் இறுக மூடியிருக்கிறது. குரல் மட்டும் உச்சத்தில் போய்க்கொண்டிருக்கிறது. "வாயசைக்க மறந்தவள்" என்று அதற்குப் பெயர். இத்தனை வருடம் கழித்தும் யாராவது ஒருவர் அதை யாருக்காவது அனுப்பிக்கொண்டிருக்கிறார். அந்த மேடையில் நீங்கள்தானே வேலை செய்தீர்கள், அவளுக்கு உண்மையில் பாட வருமா என்று ஒருவன் கேட்டான். ரகசியம் காப்பதாக ஒப்பமிட்டிருக்கிறேன் என்று சொல்லி, ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து விசாரித்தால், நான் யாருக்கு ஒப்பமிட்டேனோ அந்த நிறுவனமே கலைந்துபோயிருந்தது. ஆகவே எழுதுகிறேன். குழுவின் பெயரை மட்டும் எழுதவில்லை. இந்தத் தொழிலில் நிறுவனங்களைவிடப் பெயர்களுக்கு ஆயுள் கெட்டி.

என் பெயர் சிவகௌரி. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்தேன். லண்டனில் மின்னணுவியல் படித்தேன். ஈஸ்ட் ஹாமில் என் உறவினர்கள் எல்லாரும் நான் ஏதோ வானொலியில் செய்தி வாசிப்பதாகவே கடைசிவரை நம்பினார்கள். முதல் சில வருடங்கள் மைக் பழுது பார்த்தேன். அடுத்த சில வருடங்கள் கேபிள் சுற்றினேன். கேபிள் சுற்றுவதற்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் என்னிடம் இருந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. பிறகுதான் மால்கம் என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

மால்கம் எங்கள் ஒலிப்பிரிவின் தலைவர். உயரமானவர், குரலே உயராதவர். வேலைக்காரர்கள் கத்துவதும் முதலாளிகள் கத்துவதும் சகஜமான ஓர் உலகத்தில், விஷயம் எவ்வளவு மோசமோ அவ்வளவு தணிந்த குரலில் பேசுவார். அவர் காதோடு வந்து பேசினால் எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கட்டளையே போடமாட்டார். "அந்தப் பெட்டி இங்கே இருந்தால் அழகாக இருக்கும், இல்லையா சிவ்?" என்பார். நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டியாக இருக்கும். மைக்கின் முகப்பை ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் தானே கழற்றி, பல் தூரிகையால் கழுவி, ஒரு வெள்ளைத் துண்டில் கவிழ்த்துக் காயவைப்பார். அதை வேறு யாரிடமும் விடமாட்டார்.

வேலை தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். ஒரு நிகழ்ச்சியில் இரண்டு மிக்ஸர்கள், அதாவது ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கும் பலகைகள், உண்டு. ஒன்று அரங்கின் நடுவில், சனங்களுக்காக. அதில் மால்கம் நிற்பார். மற்றது மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால், பாடுபவர்களுக்காக. அதில் நான். ஒரே மைக்கிலிருந்து வரும் குரல் இரண்டாகப் பிரிந்து எங்கள் இருவரிடமும் வரும். அவர் தன் பக்கத்தில் அதை மூடினாலும் என் பக்கத்தில் அது திறந்தே இருக்கும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மீதி எல்லாம் புரியும்.

பாடுபவர்களின் காதில் இயர் பீஸ் இருக்கும். கடையில் வாங்குவது அல்ல. காதுக்குள் இளஞ்சிவப்புக் களிம்பைச் செலுத்தி, அது இறுகும்வரை வாயில் ஒரு கட்டையைக் கடித்துக்கொண்டு உட்காரவைத்து அச்செடுப்போம். வாய் திறக்கும்போது காதின் வடிவமும் மாறும் என்பதால் அந்தக் கட்டை. அந்த அச்சில் வார்த்த இயர் பீஸ் அந்த ஒரு காதுக்குத்தான் பொருந்தும். போட்டுவிட்டால் வெளிச் சத்தம் ஒன்றும் நுழையாது. அவ்வளவு பெரிய அரங்கில் நின்றாலும் குளியலறையில் தனியாக நிற்பது போல இருக்கும். ஆகவே மேடை விளிம்பில் அரங்கை நோக்கி மைக் வைத்து, சனங்களின் இரைச்சலையும், அரங்கில் ஒலிக்கும் பாட்டையும் கொஞ்சம் காதுக்குள் கலந்துவிடுவோம். அதை நாங்கள் ஹோல் மைக், அரங்க மைக், என்போம்.

மால்கம் எனக்குச் சொல்லித்தந்த முதல் விதி இதுதான். காதில் இருப்பது அதைப் போட்டிருப்பவருக்குச் சொந்தம். அவர் கேட்டால் கூட்டு, கேட்டால் குறை. மேலாளர் சொன்னாலும், தாய் சொன்னாலும், அரண்மனையிலிருந்து ஆள் வந்து சொன்னாலும் தொடாதே. மேடை விளக்குக்கு முன்னால் நிற்பவருக்குக் கண் தெரியாது. நாம் கொடுப்பதை நம்பித்தான் அடுத்த அடி வைப்பார்.

அந்த மூன்று பெண்களும் எங்களிடம் வந்தபோது அவர்களுடைய முதல் பாட்டு ஏற்கெனவே எல்லாச் சுப்பர்மார்க்கெட்டிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஜெம்மாவுக்குச் சிவப்பு நாடா, ரூபிக்கு நீலம், அபிக்கு மஞ்சள். மைக், இயர் பீஸ், அதற்கு ஒலி வாங்கித்தரும் இடுப்புப் பெட்டி, என் மிக்ஸர் எல்லாவற்றிலும் அதே நிறம். நாங்கள் பெயர் சொல்ல மாட்டோம். சிவப்புக்குத் தாகம், நீலம் அழுகிறது என்போம்.

அபி என்பது அபிராமி. லண்டன் ஹரோவில் பிறந்த பிள்ளை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம், அதன்பின் ஒரு ஆசிரியையிடம் சங்கீதம் என்று வளர்ந்தவள். ஒலிச் சோதனையில் ஒவ்வொருவரும் மைக்கில் காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்வது வழக்கம். அவள் அரங்கம் முழுதும் அதிர, "புட்டும் சம்பலும்" என்றாள். அது ஏதாவது மருத்துவப் பிரச்சினையா என்று மால்கம் தணிந்த குரலில் என்னிடம் விசாரித்தார்.

பாடுபவர்களிடம் பேச என்னிடம் ஒரு சிறிய மைக் இருக்கும். அதில் நான் பேசுவது அவர்களுடைய காதில் மட்டும் கேட்கும். அபியோடு தமிழில் பேசினேன். அவளுடைய தமிழ் பாதி தாயுடையது, பாதி பள்ளிக்கூடத்து வாசகப் புத்தகம். "அன்ரி, ஜெம்மாவைக் கொஞ்சம் குறையுங்கோ, அவ எனக்குள்ள நிண்டு கத்துறா" என்பாள். அவர்களுடைய அந்த முதல் பாட்டின் பல்லவியில் உச்சிக்குப் போகும் ஒரு வரி இருந்தது. பாட்டு விற்றதே அந்த வரியால்தான். அதை அபி பாடினாள். நான் வேலை செய்த காலமெல்லாம் பாடகர்களின் சுருதியை நேராக்கும் கருவி ஒன்று எப்போதும் என் பக்கத்தில் இருந்தது. அவளுடைய வரிக்கு அதை இயக்க வேண்டியே வரவில்லை. கருவி விளக்கு எரியாமல் சும்மா கிடக்கும்.

இரண்டாவது பாட்டு சரியாகப் போகவில்லை. சரியாகப் போகாத எதற்கும் ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு ஒரு முகம் வேண்டும். குழுவின் மேலாளர் கிரெய்க், எப்போதும் தொப்பியோடு இருப்பவர், இருவர் நிற்கும் படம் மூவர் நிற்கும் படத்தைவிட எடுப்பாக இருக்கிறது என்று ஒரு கண்டுபிடிப்புச் செய்தார். எந்த இருவர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒருத்தியை நேரடியாக நீக்கினால் ரசிகர்கள் கோபிக்கலாம். ஆகவே முதலில் ஒரு பரீட்சை. அபியின் மைக்கை அரங்கில் மட்டும் மூடிவிட்டு, அவளுடைய வரியை ஜெம்மாவைக் கொண்டு முன்பே பதிவு செய்து பின்னணி இசையோடு ஓடவிடுவது. சில நிகழ்ச்சிகள் பார்ப்பது. யாரும் கவனிக்காவிட்டால், அவள் இல்லாமலும் குழு நடக்கும் என்று நிரூபணம். ஜெம்மாவிடம், அபியின் தொண்டைக்கு ஓய்வு தேவைப்பட்டால் உதவும் என்று சொல்லிப் பாடவைத்தார்கள்.

இதை எனக்கு மால்கம் காதோடு வந்து சொன்னார். அபியின் காதில் எல்லாம் வழக்கம் போல இருக்க வேண்டும். தன் குரல் தனக்கு நன்றாகக் கேட்க வேண்டும். ஆனால் பதிவு செய்த வரியும் ஹோல் மைக்கும் மட்டும் அவளுக்கு வேண்டாம். அவற்றைக் கேட்டால் அரங்கில் தன் குரல் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

"ஹோல் மைக் வேண்டும் என்று அவள் கேட்டால்?" என்றேன்.

"கேட்கமாட்டாள்."

"கேட்டால், மால்கம்?"

அவர் மைக் முகப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கேட்டால், உன் கை கொஞ்சம் மெதுவாக வேலை செய்யட்டும், சிவ்."

விதியை எனக்குச் சொல்லித்தந்தவர் நீங்கள்தானே என்று நினைவுபடுத்தினேன். விதிகள் சாதாரண நாட்களுக்கானவை என்றார். சாதாரண நாளில் விதியை மீறச் சொல்ல எவருக்கு என்ன தேவை வரப்போகிறது என்று நான் கேட்டேன். அவர் துண்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் அப்படியே நடந்தன. ஒவ்வொரு மாலையும் அந்தப் பிள்ளை தன் முழு மூச்சோடு பாடினாள். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் அவளும், பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும், நானும் மட்டும். சனங்கள் கை தட்டினார்கள். கிரெய்க் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அவருடைய கணக்கில் ஒரு பிழை இருந்தது. தமிழ்க் குடும்பங்களில் மாமா பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாது. ஈஸ்ட் ஹாமிலிருந்து அபியின் மச்சாள் ஒருத்தி நிகழ்ச்சிக்கு வந்து, நடுவில் நல்ல இடத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். சிறு வயதிலிருந்து அவளோடு ஒரே அறையில் பாடிப் பழகியவள். அடுத்த நாளே கூப்பிட்டு, "அடியே, அது உன்ர குரல் இல்லை. நீ வாயைத் திறக்கிறாய், வேற யாரோ பாடுறா" என்று சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நிகழ்ச்சி வடக்கு லண்டனில். அன்று ஒலிச் சோதனையில் அபி ஒன்றும் கேட்கவில்லை. நிகழ்ச்சி தொடங்கி ஒரு பாட்டு முடிந்து சனங்கள் ஆரவாரித்துக்கொண்டிருந்தபோது, அவள் மேடையின் நடுவில் நின்றபடி, சிரித்த முகத்தோடு, மைக்கை வாயருகே கொண்டுபோய்ச் சாதாரணக் குரலில் பேசினாள்.

"அன்ரி, எனக்கு ஹோல் சத்தம் வேணும்."

இருக்கை நிறைந்த அரங்கத்துக்கு முன்னால் நின்று, திறந்த மைக்கில், தமிழில் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. முன்வரிசையில்கூட ஒரு தலை அசையவில்லை. ஜெம்மா மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய காதில் அபியின் குரல் இருந்தது.

அரங்கின் நடுவில் மால்கம் நிற்பது எனக்குத் தெரிந்தது. சிறிய விளக்கு வெளிச்சத்தில் அவருடைய கைகள் மட்டும். போட்டிருப்பவர் கேட்டார், கூட்டினேன். மெதுவாக இல்லை. நியாயமான வேகத்தில், முறைப்படி. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அபி மைக்கில் இன்னும் ஒரு வார்த்தை சொன்னாள். "ஹலோ." தன் குரல் அரங்கில் இல்லை என்பதை நின்று கேட்டாள். பிறகு அந்தச் சுப்பர்மார்க்கெட் பாட்டு தொடங்கியது. தன் இடங்களில் எல்லாம் பாடினாள். உச்சிக்குப் போகும் வரி வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

என் காதில் மஞ்சள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அரங்கிலோ வரி அழகாக ஏறியது, அழகாக இறங்கியது. சனங்கள் சேர்ந்து பாடினார்கள். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் யோசித்த கிரெய்க், பெரிய திரைக்கான படப்பிடிப்பாளரிடம் ஒன்றும் சொல்லிவைத்திருக்கவில்லை. அந்த வரியில் அபியின் முகத்தைப் பெரிதாகக் காட்டுவதுதான் படப்பிடிப்பாளருக்குப் பழக்கம். காட்டினார்.

பாட்டு முடிவதற்குள், யாரோ ஃபோனில் எடுத்த வீடியோ வெளியே போய்விட்டது. பரீட்சையின் முடிவு இப்படி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அபியின் குரல் இல்லாததை மச்சாளைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை. வாய் மூடியிருந்ததை உலகமே கவனித்தது. குழுவில் பாடத் தெரியாதவள் அவள்தான் என்று ஊர் முடிவுகட்டியது. ஹரோவில் அவளுடைய தாயிடம், பிள்ளை சங்கீதம் படித்தது எந்த டீச்சரிடம் என்று கோயில் வாசலில் விசாரித்தார்கள். தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பாமல் இருப்பதற்காக.

கிரெய்க் எங்களையும் பெண்களையும் ஓர் அறையில் கூட்டினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அவருக்கு ஒரு யோசனை இருந்தது. அபிக்குத் தொண்டைப் புண், வைத்தியர் பாடவேண்டாம் என்றார், ரசிகர்களை ஏமாற்ற மனமில்லாமல் மேடையேறினாள், ஆகவே பதிவு செய்த குரலைப் பாவித்தோம். காலை நேரத் தொலைக்காட்சியில் அபியே வந்து இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் இலையுதிர் காலப் பயணத்தில் அவள் இருப்பாள். சொல்லாவிட்டால் நாளைக்கே இல்லை.

மைக்கை ஏன் மூடினீர்கள் என்று அபி ஆங்கிலத்தில் கேட்டாள். அதைப் பற்றிப் பேசுவதற்கு இது நேரமல்ல என்றார் கிரெய்க். ஜெம்மா அழுதாள். அந்த வரியைப் பாடியது எதற்கென்று தனக்குத் தெரியாது என்றாள். இந்தக் குழு போனால் தனக்கு வேறு ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள். இரண்டும் உண்மை. அபி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் நான் வாயை விட்டேன். உன் மைக் ஒவ்வொரு நாளும் என்னிடம் திறந்திருந்தது, நீ பாடினாய் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், வேலை போனால் போகட்டும் என்றேன்.

"வேண்டாம் அன்ரி. நீங்க சொன்னா என்ன நடக்கும்? நான் பாடினனான் எண்டு தெரியும். ஆனா பாட இடம் இருக்காது." என்றாள். "எனக்கு அந்த மேடை வேணும்."

அதற்கு என்னிடம் எந்த விதியும் இருக்கவில்லை.

சொன்னதுபோலவே இலையுதிர் காலம்வரை அவளை வைத்திருந்தார்கள். பயணம்தான் நடக்கவில்லை. நுழைவுச்சீட்டு வாங்க ஆளில்லை. சிரிக்க வந்த கூட்டம் வீடியோவோடு திருப்தியடைந்துவிட்டது. மூவரும் தங்கள் தங்கள் பாதையில் வளர விரும்புகிறார்கள் என்ற அறிவிப்போடு குழு முடிந்தது. ஜெம்மா கப்பல்களில் பாடினாள். ரூபி வீடு விற்கும் தரகராகி நன்றாக இருக்கிறாள். என்னை மால்கம் காப்புறுதிக் கம்பனிகளின் ஆண்டுக் கூட்டங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அங்கே எவர் காதிலும் எதுவும் இருக்காது. ஓய்வு பெறும்வரை அதுவே என் வேலை. அவர் என்னைக் கோபித்து ஒரு சொல் சொன்னதில்லை.

ஆனால் அந்தக் காலை நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அபிக்கு இயர் பீஸ் மாட்டிவிட நான் போனேன். மால்கமும் வந்தார். பெண்கள் மூவரும் ஒரு சோபாவில், அபி நடுவில். நான் கமராக்களுக்குப் பின்னால் ஹெட்ஃபோனோடு நின்றேன். நிகழ்ச்சி நடத்திய பெண்மணி நல்லவர், உண்மையாகவே இரங்கினார். அபி தொண்டைப் புண் கதையைச் சொன்னாள். ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். எல்லாம் பேசி முடிந்த நேரத்தில், யாரும் திட்டமிடாமல், அந்தப் பெண்மணி அவள் கையைப் பிடித்து, "அந்த ஒரு வரியை மட்டும், மெதுவாக, எங்களுக்காக?" என்று கேட்டுவிட்டார்.

கிரெய்க் கதவருகே அசைவற்று நின்றார். இசை இல்லை, பின்னணி இல்லை, பதிவு இல்லை. எந்த மிக்ஸரிலும் யாரும் மூடாத ஒரு மைக். அந்தப் பக்கம் நாடு முழுக்கக் காலைத் தேநீரோடு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் ஒத்திகை அறையில் அவள் சும்மா முணுமுணுத்ததை நான் கேட்டிருந்தேன். குரல் கண்ணாடி போல இருந்தது. அவள் பாடினால் போதும், அந்த வீடியோ செத்துவிடும். ஆனால் ஒரு நிமிடத்துக்கு முன் சொன்ன தொண்டைப் புண்ணும் சேர்ந்து சாகும். பிறகு ஏன் மைக்கை மூடினீர்கள் என்று இந்தப் பெண்மணியே கேட்பார். அதற்குப் பிறகு மேடை இல்லை. ஜெம்மாவின் கை அபியின் முழங்கையில் இருந்தது.

அவளுடைய காதோடு பேசும் என் சிறிய மைக்கின் பொத்தான் என் விரலடியில் இருந்தது. அவள் என் பக்கம் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

அவள் பாடினாள். கொஞ்சம் கீழே தொடங்கினாள். மூச்சைப் பாதியிலே விட்டாள். உச்சிக்கு வந்தபோது சுரத்தை நேராகத் தொட்டாள், கண் இமைக்கும் பொழுதுக்கு அது சுத்தமாக நின்றது, பிறகு அதைத் தானே உடைத்தாள். புண்ணான தொண்டை இப்படி உடையாது. அது எங்கே வேண்டுமானாலும் பிசிறும். அடுத்த சுரத்துக்கு வழி தெரியாமல் நிற்கும். இவளுடையது தாளத்தில் உடைந்து, தாளத்தில் எழுந்து, சரியான சுருதியில் கரகரத்து முடிந்தது. இத்தனை வருடத்தில் அவ்வளவு கட்டுப்பாடான பாட்டை நான் கேட்டதில்லை. அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மால்கம் என் காதோடு குனிந்தார். "நம்பும்படியாக இருந்தது, இல்லையா சிவ்?"

நான் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

விளம்பர இடைவேளையில் அவளை நடைபாதைக்குக் கூட்டிப்போய் இயர் பீஸைக் கழற்றினேன். முதலில் வலது, பிறகு இடது. துடைத்துப் பெட்டியில் வைத்தேன். முதுகுப் பக்கமாக வயரை உருவினேன். அவள் சுவரைப் பார்த்தபடி கைகளை உயர்த்தி நின்றாள், சட்டை தைக்க அளவு கொடுப்பவளைப் போல.

"அன்ரி."

"சொல்லு பிள்ளை."

"இண்டைக்கு மைக் திறந்துதானே இருந்தது?"

"ஓம்."

"எல்லாருக்கும் கேட்டதோ?"

"ஓம் பிள்ளை," என்றேன். "எல்லாருக்கும் கேட்டது."